புழுக்கத்தில் குடியேறியவர்கள்: ஹவுராவின் வீடும் காற்றும் கூலியும்

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுராவின் சிப்பூர்ப் பகுதியில், தாவரவியல் பூங்காவை ஒட்டி 1820 டிசம்பரில் ஒரு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிஷப்ஸ் கல்லூரி என்பது அதன் பெயர். வங்கத்தின் ஆற்றங்கரைச் சேற்று மண்ணில் இங்கிலாந்தின் பல்கலைக்கழக நகரங்களை நினைவூட்டும் கோதிக் பாணிக் கட்டடங்கள் எழுந்தன. அதை நிறுவிய கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் தாமஸ் மிடில்டன் 1822 ஜூலையில் கல்கத்தாவில் இறந்தார். அவருக்குப் பின் வந்த ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில் இறந்தார். காலைப் பணிகளை முடித்துக்கொண்டு திரும்பி, வெயிலின் களைப்புத் தீரக் குளிர்ந்த நீரில் இறங்கியவர் உயிருடன் கரையேறவில்லை. திருச்சியின் புனித யோவான் தேவாலயத்தில் அவரது கல்லறை இன்றும் உள்ளது. மூன்றாம் பேராயர் ஜான் தாமஸ் ஜேம்ஸ், பதவியேற்ற ஆண்டான 1828-லேயே கடற்பயணத்தில் மாண்டார். நான்காமவர் ஜான் மத்தையாஸ் டர்னர் 1831 ஜூலையில் கல்கத்தாவில் மறைந்தார்.

ஒன்பதே ஆண்டுகளில் நான்கு பேராயர்கள். நால்வரின் சாவுக்கும் ஒரே காரணத்தைக் கற்பிக்க இயலாது. ஆயினும் அன்றைய ஐரோப்பியர் பார்வையில் இத்தகைய சாவுகளுக்கெல்லாம் பொதுவான குற்றவாளி ஒன்றுதான்: இந்நாட்டின் தட்பவெப்பம். அந்தத் தீர்ப்பை அசைத்துப் பார்க்க ஐந்தாம் பேராயரின் வாழ்வே போதும். 1832-இல் வந்த டேனியல் வில்சன், இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதே பதவியில் இருந்து 1858-இல்தான் இறந்தார். காற்றும் வெயிலும் ஈரமும் ஐவருக்கும் ஒன்றே. பிழைத்தலும் மாய்தலும் ஊரின் வெப்பமானியை மட்டும் பொறுத்தவை அல்ல.

புதிய தட்பவெப்பத்திற்கு மனிதர் ‘பழகிக்கொள்வது’ உடலின் செயல் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஹவுராவின் வரலாறு இதற்கு வேறொரு விடையையும் வைத்திருக்கிறது. இங்கு 19ஆம் நூற்றாண்டில் இருவகை மக்கள் வந்து குடியேறினர். ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த அதிகாரிகளும் ஆலை மேலாளர்களும் ஒரு வகை. பீகார், ஐக்கிய மாகாணங்கள், ஒரிசா, தெலுங்கு மாவட்டங்கள் ஆகியவற்றிலிருந்து வந்த கூலித் தொழிலாளர் மற்றொரு வகை. இருவருக்கும் ஹவுராவின் புழுக்கம் புதிது. இருவரும் அதனோடு வாழக் கற்றனர். ஆனால் காற்று இருவருக்கும் ஒரே விலையில் கிடைக்கவில்லை.

1. வெயில் வேறு, புழுக்கம் வேறு

தமிழ் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. மதுரையின் சித்திரையைச் சொல்ல வெயிலும் வெக்கையும் போதும்; சென்னையின் ஆடி மாதத்து இரவைச் சொல்லப் புழுக்கம் என்ற சொல் வேண்டும். வங்க மொழியிலும் இதற்கு இணையான சொற்கள் உண்டு. ஈரம் கலந்து உடலில் ஒட்டும் வெப்பத்தை ‘ப்யாப்ஷா’ என்பர். காற்று அடியோடு நின்றுபோன இறுக்கத்தை ‘குமோட்’ என்பர். கீழைக் கடற்கரையோரம் வாழும் மக்கள் இந்த வேறுபாட்டைத் தோலால் அறிந்தவர்கள்.

அதன் இயற்பியல் எளிது. சுற்றுப்புற வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது உடலைக் குளிர்விக்க எஞ்சும் வழி வியர்வை ஆவியாதல் ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் அப்பயன் இல்லை. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே தங்கும். அந்நிலையில் தோலை ஒட்டிய ஈரக் காற்றை அகற்றி வேறு காற்றைக் கொண்டுவந்து சேர்க்கும் அசைவு ஒன்றுதான் ஆறுதல்.

ஹவுராவில் மார்ச் மாதத்திலிருந்தே வங்காள விரிகுடாவின் ஈரம் தெற்குக் காற்றோடு ஏறி வருகிறது. ஏப்ரல், மே மாதங்களின் மாலைகளில் வடமேற்கிலிருந்து ‘கால்பைசாகி’ எனும் இடிமழைப் புயல் திடீரென வீசிச் சில மணி நேரம் ஊரைக் குளிர்விக்கும். ஜூன் நடுவில் பருவமழை தொடங்குகிறது. அதன் பின் செப்டம்பர் முடிய வெப்பமானி சற்று இறங்கினும் புழுக்கம் இறங்குவதில்லை. ஆக்ராவிலும் லக்னோவிலும் கோடையில் வீசும் ‘லூ’ எனும் அனல்காற்றோ கொடிய வெப்பமும் கடும் வறட்சியும் உடையது.

இந்த வேறுபாட்டைக் குடியேறிய ஐரோப்பியர் பட்டறிந்துதான் கற்றனர். வட இந்தியாவில் அவர்களுக்குப் பெரும் துணையாக இருந்தது வெட்டிவேர்த் தட்டி. வெட்டிவேரை அடர்த்தியாகப் பின்னி வாசலில் மாட்டி, அதன்மேல் ஓயாமல் நீர் தெளித்தால், வறண்ட அனல்காற்று அதனூடே புகும்போது நீர் ஆவியாகி அறைக்குள் குளிர்ந்த மணக்கும் காற்று வரும். இதே நெறியில் இயங்கியது ‘தெர்மான்டிடோட்’ எனும் பெரிய மரப்பெட்டி. உள்ளே கையால் சுழற்றப்படும் விசிறி, பக்கங்களில் நனைந்த வெட்டிவேர். வறண்ட நிலத்தில் இவை வியப்பூட்டும் பயன் தந்தன. வங்கத்தின் ஈரக் காற்றில் இவற்றின் ஆற்றல் குன்றிவிடும். பருவமழை மாதங்களில் நனைந்த தட்டி வீட்டின் ஈரத்தை மேலும் கூட்டவே செய்யும்.

குளிர்விக்க வழியில்லாத ஊரில் எஞ்சியது காற்றை அசைப்பது. உத்தரத்திலிருந்து தொங்கும் மரச்சட்டமும் துணியும் கொண்ட பெரிய பங்கா, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவின் ஐரோப்பிய வீடுகளில் பரவத் தொடங்கியது. உணவு மேசைக்கு மேல், கட்டிலுக்கு மேல், நீதிமன்றத்தில், தேவாலயத்தில் என அது நுழையாத இடமில்லை. அதன் கயிறு சுவரின் ஓட்டை வழியே வெளியே சென்றது. கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆள் அமர்ந்திருந்தார்.

2. இரவல் வாங்கிய வீடு

காற்றைப் பற்றிய அறிவு ஹவுராப் பகுதி மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. கோனா என்னும் பெண்ணின் பெயரால் வழங்கும் வங்க ஊர்வழக்குகள் வீடு அமைக்கும் முறையைச் சொல்கின்றன: கிழக்கில் குளம், மேற்கில் மூங்கில் புதர், வடக்கில் அடைப்பு, தெற்கில் வெளி. மாலை வெயிலை மூங்கில் தடுக்கும். தெற்கிலிருந்து வரும் காற்று தடையின்றி நுழையும். தென்றலுக்காகத் தெற்கே சாளரம் வைத்த தமிழ்நாட்டுக் கொத்தனாருக்கு இதில் விளக்க வேண்டியது எதுவுமில்லை.

வங்கக் குடிசையின் ஒவ்வோர் உறுப்பும் ஈரத்திற்கும் வெப்பத்திற்கும் சொன்ன விடை. மழைநீரும் பாம்பும் ஏறாதபடி உயர்த்திய மண் மேடை. மழையை விரைந்து வழியவிடும் வளைந்த சரிவுக் கூரை. சுவரின்மேல் வெயில் படாதபடி இறங்கிய தாழ்வாரம். தடித்த வைக்கோல் வேய்வு. காற்று ஊடுருவும் மூங்கில் பாய்ச் சுவர். ‘பாங்ளா’, அதாவது வங்கத்தைச் சேர்ந்தது எனப் பெயர்பெற்ற இக்குடிசையையே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள் பெரிதாக்கித் தங்கள் இருப்பிடமாக்கினர். ஆண்டனி கிங் தமது ‘பங்களா’ பற்றிய நூலில் (1984) இந்த வீட்டு வடிவம் வங்கத்திலிருந்து புறப்பட்டு ஆப்பிரிக்கா, பிரிட்டன், வட அமெரிக்கா வரை பரவிய வரலாற்றை விரிவாகத் தொடர்ந்துள்ளார். தமிழில் செல்வத்தின் அடையாளமாக வழங்கும் ‘பங்களா’ என்ற சொல், பிறப்பால் ஓர் உழவர் குடிசையின் பெயர்.

செங்கல் மாளிகை கட்டியவர்களும் குடிசையின் பாடத்தைத் தவிர்க்க இயலவில்லை. உயர்ந்த கூரை, தெற்கு நோக்கிய தூண் தாழ்வாரம், வெயிலை மறித்துக் காற்றை விடும் ‘கொர்கொரி’ எனும் மரப்பலகைச் சன்னல்கள் ஆகியவை கல்கத்தா, ஹவுரா வீடுகளின் பொது முகமாயின. வட இந்தியாவில் வீட்டை விடியலில் மூடி மாலையில் திறப்பது அறிவுடைமை. அங்கு பகற்காற்று பகை. வங்கத்திலோ மூடிய வீடு மூச்சை முட்டும். அதனால் ஆற்றங்கரை நிலத்தின் மதிப்பு வெறும் படகுத்துறையால் வந்ததன்று. ஹூக்ளி வழியே ஏறிவரும் தெற்குக் காற்றும் அந்த நிலத்தோடு சேர்ந்தே விலைபோனது. சிப்பூரின் தாவரவியல் பூங்காவில் 1793 முதல் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் குடியிருந்த மாளிகை, ஆற்றை நோக்கியே நிற்கிறது.

3. கயிற்றின் மறுமுனை

பங்கா ஓர் இயந்திரம் போலத் தோன்றினாலும் அதன் எரிபொருள் மனித உழைப்பு. ஒருவர் தூங்குவதற்கு மற்றொருவர் விழித்திருக்க வேண்டும். கோடை இரவுகளில் ஒரே வீட்டில் ஆட்கள் முறை மாற்றி இழுத்தனர். கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு படுத்தபடி இழுப்பதும் வழக்கம். ஆங்கில இந்திய நூல்களில் இவர் பெரும்பாலும் பெயரற்றவர். தூங்கிவிட்டார் என்ற புகாரில் மட்டுமே தலைகாட்டுவார். நாள் முழுதும் உழைத்த உடல் நள்ளிரவில் கண்ணயர்வது இயல்பு என்பது அப்புகார்களில் அரிதாகவே இடம்பெறும்.

பங்கா நின்ற கணத்தில் வியர்வையில் விழித்தெழுந்த எஜமானரின் கோபம் சில வேளைகளில் அடியாகவும் உதையாகவும் இறங்கியது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. அத்தகைய வழக்குகளில் எதிர்த்தரப்பு அடிக்கடி முன்வைத்த வாதம் ஒன்று உண்டு: மலேரியாவால் இறந்தவரின் மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது, சிறு அடியிலேயே அது வெடித்துவிட்டது, ஆகவே கொல்லும் நோக்கம் இல்லை. ‘காலனிய நீதி’ குறித்த எலிசபெத் கோல்ஸ்கியின் ஆய்வு (2010), இத்தகைய வன்முறையும் அதற்குக் கிடைத்த மெல்லிய தண்டனைகளும் விதிவிலக்கானவை அல்ல என்று காட்டுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைசிராய் கர்சனே இவ்வழக்குகளில் தலையிட்டு, தம் நாட்டவரின் வெறுப்பைச் சம்பாதித்தார்.

இவ்வாதத்தின் உள்முரண் கவனிக்கத்தக்கது. ஈரநிலத்தின் நோய் எஜமானருக்கு நேர்ந்தால் அது விடுப்புக்கும் கடற்பயணத்திற்கும் காரணமாகும். அதே நோய் கயிறு இழுப்பவருக்கு நேர்ந்தால், அவரைக் கொன்றவருக்கு அதுவே சட்டப் பாதுகாப்பாகும். தட்பவெப்பம் ஒன்று, அதற்குக் கிடைத்த பொருள் இரண்டு.

பனிக்கட்டியின் வரவும் இக்கதையில் சேரும். 1833-இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ‘டஸ்கனி’ என்ற கப்பல், ஃபிரடெரிக் டியூடரின் சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் இரு பெருங்கடல்களைக் கடந்து செப்டம்பரில் ஹூக்ளியை அடைந்தது. ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. அதற்கு முன் குளிர்கால இரவுகளில் ஹூக்ளிப் பகுதியின் திறந்தவெளிக் குழிகளில், ஆழமற்ற மண்தட்டுகளில் நீர் ஊற்றி மெல்லிய பனித்தகடுகள் எடுக்கப்பட்டன. அவ்வேலையைச் செய்த உள்ளூர்க் கைகளின் கணக்கு அமெரிக்கப் பனியின் வெற்றிக் கதையில் கரைந்துபோயிற்று. குடிக்கும் நீரைக் குளிர்விக்கப் பனிக்கட்டி போதும். அறையின் புழுக்கத்தைத் தீர்க்க அதனால் இயலாது. அதற்குப் பங்கா இழுப்பவர் அடுத்த நூறாண்டின் விடியல் வரை விழித்திருக்க வேண்டியிருந்தது.

4. பாசாவும் பாடியும்

1854 ஆகஸ்டில் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் பயணிகள் இரயில் ஓடியது. அடுத்த ஆண்டு ஆற்றின் மேல்பகுதியில் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது. அதன் பின் ஹூக்ளியின் இரு கரைகளிலும் ஆலைகள் நிரையாக வந்தன. 1900-இல் கோலாகாட் பாலம் வழியே வங்க நாக்பூர் இரயில்பாதை ஹவுராவைத் தொட்டபோது, ஒரிசாவும் தெலுங்கு மாவட்டங்களும் சென்னையும் இந்நகரோடு நேரடியாக இணைந்தன. 1872-இல் சுமார் 84 ஆயிரமாக இருந்த ஹவுரா நகரின் மக்கள்தொகை 1901-இல் 1 லட்சத்து 57 ஆயிரத்தைத் தாண்டியது.

வந்தவர்களுள் பெரும்பகுதியினர் வறண்ட கோடையை அறிந்த உழவர்கள். சரண் மாவட்டத்திலோ காசிப்பூரிலோ கோடை கொடிது. ஆனால் அங்கு நிழல் குளிர்ந்திருக்கும், இரவில் முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் காற்று வரும். ஹவுராவில் நிழலும் புழுங்கியது. ஆலைக் ‘குடியிருப்பு வரிசை’களிலும் தனியார் ‘பஸ்தி’களிலும் ஒரே அறையில் பலர் தங்கினர். பல வரிசைகளில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டன. ஒரு பக்கம் மட்டுமே வாசல். எதிர்ச்சுவரில் திறப்பு இல்லை. காற்று நுழைய ஒரு வாயும் வெளியேற மற்றொரு வாயும் வேண்டும் என்ற எளிய விதி அங்கே மீறப்பட்டது. 1931-இல் வெளியான அரசத் தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கை, இந்தியத் தொழில் நகரங்களின் குடியிருப்பு நெருக்கடியைப் பேசும்போது ஹவுராவின் பஸ்திகளைக் குறிப்பாகச் சுட்டிக் கண்டித்தது.

வங்கக் குடிசையின் மேடையும் தாழ்வாரமும் சுற்றுவெளியும் மேலாளரின் வளமனைக்குப் போய்ச் சேர்ந்தன. எந்த உழவரின் அறிவிலிருந்து அவ்வீடு பிறந்ததோ, அவ்வகை உழவருக்கு நகரம் தந்தது அவ்வறிவு முற்றும் நீங்கிய ஓர் அறை.

இந்நிலையிலும் வாழ்க்கை முறைகள் உருவாயின. அறை பொருள்களை வைக்கும் இடமானது. சமையலும் பேச்சும் உறக்கமும் வாசலுக்கும் சந்துக்கும் நகர்ந்தன. முறைவேலை இதற்கு ஒருவகையில் உதவியது: ஒருவர் ஆலைக்குச் செல்லும் நேரத்தில் மற்றவர் அவர் இடத்தில் படுத்தார். ஆற்றின் துறைகள் குளியலறைகளாயின. போஜ்பூரி பேசும் தொழிலாளர் வறுத்த கடலை மாவான சத்துவை உப்பும் வெங்காயமும் சேர்த்து நீரில் கரைத்துண்டனர். அடுப்பு மூட்டி அறையை மேலும் சூடாக்க வேண்டியதில்லை. ஒடியர் நீர் ஊற்றிய பகாளச் சோற்றையும், வங்காளியர் பாந்தா சோற்றையும் உண்டனர். தமிழரின் பழைய சோறும் இதே குடும்பம். நீரும் உப்பும் ஒருசேர உடலுக்குள் போகும் இவ்வுணவுகள், வியர்வையில் இழந்ததை ஈடுசெய்யும் முறையை மருத்துவ நூல் இல்லாமலே கண்டவை. அதே காலத்து ஐரோப்பியருக்கு மருத்துவக் கையேடுகள் பரிந்துரைத்தது, தோலை ஒட்டிக் கம்பளி உள்ளாடையும் வயிற்றைச் சுற்றிக் ‘காலரா பட்டை’யும்.

வங்க மொழியில் இருப்பிடத்துக்கு இரு சொற்கள் உண்டு. ‘பாடி’ என்பது தலைமுறைகளின் வீடு, சொந்த ஊர். ‘பாசா’ என்பது பிழைப்புக்காகத் தங்கும் இடம். தமிழில் ஒருகாலத்தில் பெருவழக்காயிருந்த ‘ஜாகை’ என்ற சொல் பாசாவுக்கு நெருங்கியது. ஹவுராவின் ஆலைத் தொழிலாளருக்கு நகரம் பாசாவாகவே இருந்தது. பாடி கிராமத்தில் இருந்தது. வங்கச் சணல் தொழிலில் பெண்களின் நிலையை ஆராய்ந்த சமிதா சென் (1999) காட்டுவதுபோல், குடும்பத்தையும் நிலத்தையும் கிராமத்தில் காத்துநின்ற பெண்களின் உழைப்பே ஆண்களின் நகரக் கூலியைக் குறைந்த அளவில் வைத்திருக்க ஆலைகளுக்கு உதவியது. நகரில் வீடு என்ற ஒன்றை முழுமையாகத் தரவேண்டிய கடமையிலிருந்து முதலாளி விடுபட்டார்.

5. கோடையில் ஊருக்குப் போதல்

சணல் ஆலைகளின் ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் முறையீடு ஒன்று: கோடை மாதங்களில் ஆட்கள் குறைந்துவிடுகிறார்கள். வங்கத்தின் தொழிலாளர் நிலை குறித்து பி. ஃபோலி 1906-இல் அளித்த அறிக்கையும் இப்பருவகாலப் பற்றாக்குறையைப் பதிவு செய்தது. இதற்குக் காரணங்கள் பல. அது திருமணப் பருவம். மழைக்கு முன் நிலத்தில் வேலை இருக்கும். ஆலைக்கூடத்தின் தூசியும் வெக்கையும் அம்மாதங்களில் தாங்க முடியாதவை. நோயுற்ற உடல் தேறக் கிராமமே இடம். எது முதன்மைக் காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஊருக்குப் போனவருக்கு அவை ஒன்றோடொன்று பின்னியே இருந்திருக்கும்.

ஆலை நிர்வாகத்தின் மொழியில் இச்செயலுக்குக் கிடைத்த பெயர் ஒழுங்கின்மை. இவர்கள் இன்னும் பாதி உழவர், தொழிலுக்குத் தம்மை ஒப்படைக்காதவர், நிலையற்றவர். சணல் தொழிலாளர் வரலாற்றை மீள்பார்வைக்கு உட்படுத்திய தீபேஷ் சக்கரவர்த்தியின் நூலும் (1989), குடியேறிகளின் ஊர்த்தொடர்பை ஆராய்ந்த அர்ஜான் டி ஹானின் ஆய்வும் (1994) ஆலைத் தொழிலாளரின் கிராம உறவை வெறும் பின்தங்கிய மனநிலையாகக் காணும் இப்பழைய வழக்கைக் கேள்விக்கு உள்ளாக்க உதவின.

ஆனால் அதே கோடையில் ஹவுராவை விட்டுப் போனவர்கள் ஆலைத் தொழிலாளர் மட்டும் அல்லர். 1864 முதல் இந்தியப் பேரரசின் அரசாங்கமே ஆண்டுதோறும் கல்கத்தாவைக் காலிசெய்து சிம்லா மலைக்கு ஏறியது. கோப்புகள், எழுத்தர்கள், பணியாளர், சமையற்கலங்கள் எல்லாம் உடன் சென்றன. வங்க மாகாண அரசு டார்ஜிலிங்குக்குச் சென்றது. சென்னை மாகாண அரசு உதகமண்டலத்திற்குச் சென்றது. இயன்ற ஐரோப்பியக் குடும்பங்கள் மனைவியரையும் குழந்தைகளையும் மலைக்கு அனுப்பின. இதற்கு ஒழுங்கின்மை என்று யாரும் பெயரிடவில்லை. உடல்நலம், நிர்வாகத் திறன், முன்யோசனை என்பனவே அதற்குக் கிடைத்த பெயர்கள்.

இரண்டு பயணங்களையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை தெளிகிறது. ஹவுராவின் புழுக்கத்திற்கு முழுமையாகப் பழகிக்கொண்டவர் இவ்விரு தரப்பிலும் மிகச் சிலரே. இரு தரப்பும் கையாண்ட மிகப் பயனுள்ள உத்தி, மோசமான மாதங்களில் அங்கே இல்லாமல் இருப்பது. ஒரு தரப்பு சம்பளத்தோடு போயிற்று. மறுதரப்பு கூலியையும், சில வேளை திரும்பி வரும்போது வேலையையும் இழக்கும் துணிவோடு போயிற்று.

காலனிய மருத்துவச் சிந்தனையும் இதற்கேற்ப நகர்ந்தது. மார்க் ஹாரிசன் தமது நூலில் (1999) விளக்குவதுபோல், 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய உடல் மெல்ல இந்தியச் சூழலுக்கு இசைந்துவிடும் என்ற நம்பிக்கை வலுவாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்நம்பிக்கை தேய்ந்து, ஐரோப்பியர் இங்கே நிலையாகக் குடியேறித் தழைக்க இயலாது என்ற கருத்து ஓங்கியது. வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றிய கட்டுரையில் (1841) மெக்காலே, வங்கத்தின் ஈரவெப்பமே வங்காளியரை மெலிந்தவராக்கிற்று என்று தீர்ப்பளித்தார். ஆளவந்தவரின் சோர்வுக்குத் தட்பவெப்பம் மன்னிப்பாயிற்று. ஆளப்பட்டவரின் சோர்வுக்கு அதே தட்பவெப்பம் இழுக்காயிற்று.

இன்றைய உடலியல் இவ்விரண்டையும் ஏற்பதில்லை. வெப்பச் சூழலில் தொடர்ந்து இயங்கும் எந்த மனித உடலும் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் மாறத் தொடங்குகிறது: வியர்வை முன்கூட்டியே சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது, குருதியின் நீர்மப் பகுதி பெருகுகிறது. இனமோ பிறப்போ இதற்குத் தடையில்லை. ஆனால் அந்த மாற்றத்திற்கும் எல்லை உண்டு. நீரும் ஓய்வும் அசையும் காற்றும் இல்லாத இடத்தில் இசைந்த உடலும் தோற்கும்.

6. விளக்கு முன்னே, விசிறி பின்னே

கல்கத்தாவில் 1899-இல் இமாம்பாக் சந்தில் மின் உற்பத்தி நிலையம் இயங்கத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் மின்விசிறி வசதியுள்ள வீடுகளுக்குள் நுழைந்தது. பங்கா இழுப்பவர் மெல்ல மறைந்தார். அவருக்கு அது விடுதலையா, வேலையிழப்பா என்று கேட்டுப் பதிந்துவைத்தவர் அரிது.

சணல் ஆலைகளுக்குள் மின்சாரம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1890களின் நடுப்பகுதியில் ஆலைகள் மின்விளக்கு பொருத்தத் தொடங்கின. பொழுது சாய்ந்தபின் சற்றே தணியும் வெக்கையில் சந்தில் அமர்ந்து இளைப்பாறும் நேரம், அதனால் ஆலை நேரமாயிற்று. வேலைநாள் நீண்டதை எதிர்த்து அப்பத்தாண்டில் ஆலைப் பகுதிகளில் கொந்தளிப்புகள் எழுந்தன. ஒரே மின்கம்பி ஒரு வீட்டுக்குக் காற்றாகவும் மற்றொரு வீட்டுக்கு இரவு வேலையாகவும் வந்து சேர்ந்தது.

சிப்பூரின் கோதிக் கட்டடங்களில் 1880 முதல் பொறியியல் கல்லூரி குடியேறியது. இன்று அது இந்தியப் பொறியியல் அறிவியல் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது. வெளிமாநில மாணவர்கள் இன்றும் அங்கே வருகிறார்கள். முதல் கோடையில் துணிகள் உலராததையும் புத்தகங்களில் பூஞ்சை படர்வதையும் கண்டு திகைக்கிறார்கள். சில வாரங்களில் அவர்கள் உடல் கற்றுக்கொள்கிறது. அதே நகரத்தின் பழைய ஆலைப் பகுதிகளில், முதுகோடு முதுகு ஒட்டிய அறைகளில், வெப்பமேறிய கூரைக்குக் கீழ் விசிறி சுழன்று சூடான காற்றையே திருப்பித் தள்ளுகிறது. புவி வெப்பமயமாதலைப் பற்றிய ஆய்வுகள் இப்போது வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’யைப் பேசுகின்றன, கங்கைச் சமவெளியையும் கீழைக் கடற்கரையையும் மிகுந்த இடருக்கு உரிய பகுதிகளுள் வைக்கின்றன. வங்க ஊர்வழக்கு ‘குமோட்’ என்று சொன்னதற்கு அறிவியல் ஓர் எண்ணைத் தந்திருக்கிறது.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு மக்களைப் ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் திட்டங்கள் பெருகும் காலம் இது. ஹவுராவின் இருநூறு ஆண்டுகள் அத்திட்டங்களிடம் சில எளிய கேள்விகளைக் கேட்கும். அறைக்கு எதிர்ச்சாளரம் உண்டா? கடும் மாதத்தில் கூலி இழக்காமல் ஓய்வெடுக்க முடியுமா? ஒருவர் வீட்டில் வீசும் காற்றுக்காக, சுவருக்கு அப்பால் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் யார்? ஆலைகளின் பழைய வருகைப் பதிவேடுகளில் மே மாதத்துப் பக்கங்களில் வெறுமையாக விடப்பட்ட கட்டங்களை, ஒழுங்கற்றவர்களின் பட்டியலாக இதுவரை வாசித்தாயிற்று. தம் உடலின் எல்லையை அறிந்து, இழப்பை ஏற்று, காற்றுள்ள இடத்திற்குச் சென்றவர்களின் பட்டியலாகவும் அவற்றை வாசிக்கலாம்.